ஒன்பதாம் இலக்கத்தை நான் காணேல்லை

கோசலாவுக்கு ஓட்டப்பந்தயத்தைப் பற்றி ஒன்றுமே தெரியாது. கொக்குவிலில் படித்த காலத்தில் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி வந்தால் மாணவர் இல்லங்களின் அலங்காரத்துக்குக் கடதாசிப் பூ ஒட்டுகிற கூட்டத்தோடு சேர்ந்துகொள்வாள். மைதானத்தில் இறங்கி வியர்த்ததில்லை. ஆகவே, வளைகுடா நாட்டுத் துறைமுகமான ஜெபல் அலியில் அவள் வேலை பார்த்த சரக்குக் கிடங்குக் கம்பெனி அந்த வருட விளையாட்டு விழாவுக்கு ‘ஒலிம்பிக்கின் ஆரம்ப நாட்கள்’ என்று தலைப்பு வைத்து, அதற்கான கண்காட்சிப் பலகைகளை அவள் தலையில் கட்டியபோது முகம் சுளித்தாள்.

“பத்துப் பன்னெண்டு பலகை போதும்மா,” என்றார் மனிதவளப் பிரிவின் மேலாளர் முகம்மது சித்தீக். கீழக்கரைக்காரர். இந்த ஊருக்கு வந்து இருபத்தெட்டு வருடம் ஆகியும் பேச்சு மட்டும் ஊர்ப்பேச்சாகவே இருந்தது. “படிக்கிற ஆளு சிரிக்கணும். ரொம்ப வரலாறு பேசிறாதீஹ.”

சிரிப்புக்குப் பஞ்சம் இருக்கவில்லை. இரண்டு நாள் வாசித்ததுமே, இப்போது தொலைக்காட்சியில் பார்க்கிற ஒலிம்பிக்குக்கும் அந்தக் காலத்து ஒலிம்பிக்குக்கும் சம்பந்தமே இல்லை என்று கோசலாவுக்குப் புரிந்துவிட்டது. 1900இல் பாரிஸ் நகரத்து ஆற்றில் ஒரு நீச்சல் போட்டி. கம்பத்தில் ஏறி இறங்கி, படகுகளின் மேல் விழுந்தெழும்பி, வேறு படகுகளின் அடியால் புகுந்து நீந்த வேண்டும். அதே வருடம் கோல்ஃப் விளையாடி வென்ற அமெரிக்கப் பெண்ணுக்கு, தான் விளையாடியது ஒலிம்பிக் என்பது சாகும்வரை தெரியாது. 1904இல் செயின்ட் லூயிஸில் நடந்த மரதன் ஓட்டம் எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது. கொளுத்தும் வெயில், கார்கள் கிளப்பிய புழுதி, குடிக்கத் தண்ணீர் கிடையாத பாதை. ஒருவன் களைத்துப்போய்க் காரில் ஏறிக் கையசைத்துக்கொண்டே வந்து, முடிவிடத்துக்குக் கிட்டத்தில் இறங்கி ஓடி, முதலாம் ஆளாக மைதானத்துக்குள் நுழைந்தான். பரிசு கொடுக்கப் போகும் நேரத்தில்தான் குட்டு உடைந்தது. உண்மையில் வென்றவனுக்கோ அவனுடைய ஆட்களே வழிநெடுக நஞ்சும் பிராந்தியும் கலந்து ஊட்டியிருந்தார்கள், தெம்பு வருமாம். பொருட்காட்சியில் வேடிக்கை காட்டுவதற்காகத் தென்னாபிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட ஒருவரை நாய் துரத்தி, அவர் பாதையை விட்டு ஒரு மைல் தள்ளி ஓடித் திரும்பி வந்தும் ஒன்பதாவதாக முடித்தார்.

கோசலா முகம் சுளித்ததை மறந்துபோனாள். காரில் வந்தவனை நாலாம் பலகையில் வைத்தாள். கையசைத்துக்கொண்டு போகும் அவனுடைய கேலிச்சித்திரத்தை வரைகலைப் பையன்களிடம் சொல்லிப் பெரிதாகப் போடுவித்தாள்.

பதினோராம் பலகை மட்டும் சிரிப்பு வராத பலகை. 1896இல் ஏதென்ஸ் நகரத்து முதல் மரதனில் ஓட வந்த ஓர் ஏழைப் பெண்ணின் கதை அது. கையில் குழந்தை. ஓடிப் பெயர் எடுத்தால் பிள்ளையை வளர்க்க ஒரு வேலை கிடைக்கும் என்று நினைத்தாளாம். பெண் என்று அவளைச் சேர்க்கவில்லை. ஆண்கள் ஓடிய மறுநாள் அவள் அதே பாதையில் தனியாக ஓடினாள். புறப்படும் முன், ஓட்டம் தொடங்கும் ஊரின் வாத்தியாரையும் தலைவரையும் பிடித்து, இத்தனை மணிக்கு இவள் இங்கிருந்து புறப்பட்டாள் என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டாள். ஓடி முடித்தபோது மைதானத்துக்குள் விடவில்லை. பிறகு என்னவானாள் என்று யாருக்கும் தெரியாது.

“இது அழுகாச்சியா இருக்கேம்மா,” என்று சித்தீக் அதை எடுத்துவிடச் சொன்னார். கோசலா மறுத்துப் பேசவில்லை. பலகையைக் கொண்டுபோய்த் தேநீர் அறைச் சுவரில் சாய்த்து வைத்தாள்.

அங்கேதான் வள்ளிநாயகி அதைக் கண்டாள். வள்ளிநாயகி அந்த அலுவலகத்தின் துப்புரவுப் பணியாளர். கம்பெனி ஆள் அல்ல. ஆள் அனுப்பும் சப்ளை கம்பெனி ஒன்றின் ஆள். சொந்த ஊர் மலைநாட்டில் பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம். வயது முப்பத்தெட்டு. பதினான்கு வயது மகளைத் தங்கையிடம் விட்டுவிட்டு வந்து ஐந்து வருடம். கோசலாவை விட நாலு வயது மூத்தவள். ஆனாலும் கோசலா அவளை ‘வள்ளி’ என்றும், ‘நீங்கள்’ என்னாமல் ‘நீர்’ என்றும்தான் கூப்பிடுவாள். அவள் கோசலாவை ‘மிஸ்’ என்பாள். அதில் யோசிக்க ஏதாவது இருப்பதாக இருவரில் ஒருவருக்கும் அதுவரை தோன்றியதில்லை.

“இந்த அம்மா யாருங்க மிஸ்? ஓடுற மாதிரி படம் போட்டிருக்கு.”

தேநீர் ஊற்றிக்கொண்டே கோசலா கதையைச் சொன்னாள். வள்ளிநாயகி துணியைக் கையில் வைத்துக்கொண்டு கடைசிவரை கேட்டாள்.

“அப்புறம் அவங்களுக்கு வேலை கெடச்சுதா?”

“தெரியாது. ஒருத்தரும் எழுதி வைக்கேல்லை.”

“கையெழுத்துப் போட்ட வாத்தியாராச்சும் போயிக் கேட்டிருக்கலாம்,” என்றாள் வள்ளிநாயகி, கழுவுதொட்டியைத் துடைத்தபடி.

பெண்களுக்கான ஐந்து கிலோமீட்டர் ஓட்டத்துக்கு ஒன்பது பேராவது சேர்ந்தால்தான் கோப்பை என்று விழாக்குழு விதித்திருந்தது. எட்டுப் பேரோடு பட்டியல் நின்றுவிட்டது. விழாவுக்கு இரண்டு நாள் முன்னால் கோசலா தேநீர் அறைக்குப் போனாள்.

“வள்ளி, சனிக்கிழமை நீரும் ஓடுமன். ஆக்கள் காணாது.”

“நானா? நான் கம்பெனி ஆளு இல்லையே மிஸ்.”

“அதை நான் பாத்துக்கொள்ளுறன். சும்மா ஒரு கணக்குக்குத்தான்.”

வள்ளிநாயகி கொஞ்சம் யோசித்தாள். “சும்மா ஓடுற மாதிரி ஓடணுமா, நெசமாவே ஓடணுமா?”

கோசலா சிரித்தாள். “ஏலுமானளவு ஓடும்.”

ஒன்பதாம் இலக்கம் அவளுக்குக் கிடைத்தது.

ஜனவரி மாதத்துச் சனிக்கிழமை காலை. குளிர்காற்று கிடங்குகளுக்கு நடுவே ஊதிக்கொண்டிருந்தது. கிடங்குகளைச் சுற்றிப் போகும் சாலைதான் ஓட்டப்பாதை. அதன் கடைசித் திருப்பம் குளிர்பதனக் கிடங்குகளின் பின்பக்கம். பாதையில் மிகத் தூரமான இடம் அது. அங்கே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, ஓடி வருகிறவர்களின் இலக்கத்தைத் தாளில் சரி போடும் வேலையை கோசலாவுக்குக் கொடுத்திருந்தார்கள். குறுக்கு வழியில் யாரும் புகுந்துவிடாமலிருக்க அந்த ஓர் இடத்தில்தான் காவல்.

ஆண்கள் ஓட்டம் முடிந்தது. பெண்களின் ஓட்டம் தொடங்கும் ஊதல் சத்தம் தூரத்தில் கேட்டது. அந்த நேரம் பார்த்து அவளுடைய கைபேசியில் குழுச்செய்தி வந்தது: கம்பெனியின் தலைவர் கண்காட்சியைப் பார்க்க வந்திருக்கிறார், பலகை செய்தவர்கள் படம் எடுக்க உடனே வரவும்.

கோசலா மணியைப் பார்த்தாள். பெண்கள், ஐந்து கிலோமீட்டர், எப்படியும் இந்தத் திருப்பத்துக்கு வரப் பதினைந்து இருபது நிமிடம் ஆகும் என்று கணக்குப் போட்டாள். தண்ணீர்ப் போத்தல் ஏற்றிக்கொண்டு ஒரு சின்ன பேட்டரி வண்டி மேடைப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. பையை நாற்காலியிலேயே விட்டுவிட்டு, கையைக் காட்டி ஏறினாள். நாலு வருடம் இங்கே வேலை செய்கிறாள். தலைவர் அவளுடைய பெயரை ஒருநாளும் சொன்னதில்லை. அன்று சொன்னார். நாலாம் பலகையின் முன்னால் நின்று சிரித்தார், அவளோடு கை குலுக்கினார். படம் நன்றாக வந்தது.

அதே வண்டியில் திரும்பி இறங்கும்போது, வணிகப் பிரிவின் தலைவி ரீமா திருப்பத்தை நெருங்கிக்கொண்டிருந்தாள். லெபனான்காரி. தினமும் காலையில் ஓடுகிறவள். மணிக்கட்டில் ஓட்டக்காரர் கட்டும் பெரிய கடிகாரம். கோசலா ஓடிப்போய் நாற்காலியில் உட்கார்ந்து மூன்றாம் இலக்கத்துக்குச் சரி போட்டாள். பிறகு வந்தவர்கள் எல்லோருக்கும் போட்டாள். ஏழு, ஐந்து, ஒன்று... கடைசி ஆள் நடந்து போனபோது தாளில் எட்டு சரிகள். ஒன்பதாம் கட்டம் வெறுமையாக இருந்தது. வள்ளி பாதியில் விட்டுவிட்டாள் போலும் என்று கோசலா நினைத்தாள். அந்த நினைப்பு அவளுக்கு எவ்வளவு சுலபமாக வந்தது என்பதைப் பிறகு பல நாள் யோசித்தாள்.

மேடைப் பக்கம் வந்தால் அங்கே ஒரே சலசலப்பு. வள்ளிநாயகி முதலாவதாக வந்திருந்தாள். ரீமாவுக்கு முன்னால், நன்றாகவே முன்னால். வேலைக்குப் போடும் கறுப்புக் கான்வாஸ் சப்பாத்தோடு, நீலச் சீருடைக் காற்சட்டையோடு நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். முகத்தில் அடக்க முடியாத ஒரு சிரிப்பு. யாரிடமோ கைபேசியைக் கொடுத்துத் தன்னைப் படம் எடுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ரீமா கெட்டவள் அல்ல. ஏழாம் கிடங்குவரை அந்தப் பெண் எனக்கு முன்னால் ஓடியதைப் பார்த்தேன், அதற்குப் பிறகு பார்க்கவில்லை என்று மட்டும்தான் சொன்னாள். அவளோடு வேலை செய்கிறவர்கள்தான் அதை வளர்த்தார்கள். ஏழுக்கும் எட்டுக்கும் நடுவே ஒரு சந்து உண்டு. துப்புரவு வண்டிகள் போகிற சந்து. அதில் புகுந்தால் கடைசித் திருப்பத்துக்குப் போகாமலே இந்தப் பக்கம் வந்துவிடலாம். அந்தச் சந்து அவளுக்குத் தெரியாமலிருக்குமா?

சித்தீக் கோசலாவின் கையிலிருந்து தாளை வாங்கினார்.

“ஒம்பதுக்கு டிக் இல்லையேம்மா. இந்தம்மா உங்களைத் தாண்டிப் போச்சா இல்லையா?”

சுற்றி இருபது பேர் நின்றார்கள். தலைவரும் நின்றார், சற்றுமுன் கை குலுக்கியபோது இருந்த அதே முகத்தோடு. கோசலா வாயைத் திறந்தாள். ‘நான் அங்கே இருக்கவில்லை’ என்ற வார்த்தை தொண்டைவரை வந்தது.

“நான் காணேல்லை, சேர்,” என்றாள்.

பொய் இல்லை. அதுதான் அதில் இருந்த கேவலம். எவராலும் பொய் என்று பிடிக்க முடியாத ஒரு வாக்கியத்தை அவள் நாக்கு அந்த நொடியில் தேடி எடுத்துக்கொண்டது.

ஒலிவாங்கி வைத்திருந்த இளைஞன் நாலாம் பலகையைக் கையால் காட்டி, நம்முடைய கம்பெனிக்கும் ஒரு 1904 கிடைத்துவிட்டது, கார் மட்டும்தான் குறை என்று ஆங்கிலத்தில் சொன்னான். கூட்டம் கொல்லென்று சிரித்தது. சிலர் வள்ளிநாயகியையும் பலகையையும் சேர்த்துப் படம் எடுத்தார்கள். கோசலா வரைவித்த அந்தக் கேலிச்சித்திரம் அவளுடைய தலைக்கு மேலே கையசைத்துக்கொண்டிருந்தது.

வள்ளிநாயகிக்கு ஆங்கிலம் அவ்வளவாகத் தெரியாது. முதலில் அவளும் கூடச் சிரித்தாள், தன்னை வாழ்த்துகிறார்கள் என்று நினைத்து. பிறகு சிரிப்பு எங்கிருந்து வருகிறது என்று முகங்களைப் பார்த்து விளங்கிக்கொண்டாள். சித்தீக் அவளிடம் தமிழில், “பரவால்லம்மா, வெளையாட்டுதானே, போயிட்டு வாங்க,” என்றார். அவள் கோசலாவைப் பார்த்தாள். கொஞ்ச நேரம்தான். பிறகு முதுகில் குத்தியிருந்த இலக்கத் துணியைக் கையை வளைத்துக் கழற்றி, நாலாக மடித்து, மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

கோப்பை ரீமாவுக்குப் போனது.

திங்கட்கிழமை தேநீர் அறையில் ஒரு நேபாளப் பெண் நின்றாள். சப்ளை கம்பெனியின் மேற்பார்வையாளர் ஹசன் அலியிடம் கோசலா தொலைபேசியில் விசாரித்தாள். “சைட் மாத்தியாச்சு மேடம். கிளையன்ட் இடத்துல பேரு கெட்டா நாங்க ஆள வெக்க முடியாது. லேபர் கேம்ப் கிளீனிங்குக்குப் போட்டாச்சு. சோனாப்பூர்ல.”

அந்த வாரம் கோசலா சரியாகச் சாப்பிடவில்லை. தலைவரோடு எடுத்த படத்தை அம்மாவுக்கு அனுப்பியிருந்தாள். அம்மா அதைச் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அனுப்பிவிட்டாள். ஒவ்வொரு வாழ்த்தும் வரும்போது கோசலாவுக்கு உடம்பு கூசியது. பயம் மட்டும்தானா காரணம் என்று தன்னையே கேட்டாள். இல்லை. வெறுமையாக இருந்த கட்டத்தைப் பார்த்ததும் தான் வராத நேரத்தில் அவள் ஓடிப் போயிருப்பாள் என்று ஏன் தோன்றவில்லை? வீட்டில் சின்ன வயதில் கேட்ட ஒரு சொல் இருந்தது. ‘தோட்டக்காட்டு ஆக்கள்.’ தேயிலைத் தோட்டத்து மனிதர்களை அப்படித்தான் சொல்வார்கள். அம்மா அதை வைகிற குரலில் சொல்வதில்லை, சாதாரணமாகச் சொல்வாள், மழை வரும் போலிருக்கிறது என்று சொல்வது மாதிரி. அந்த ஆட்கள் ஒன்றில் முதலாவதாக வருவார்கள் என்று கோசலாவின் மனசில் எங்கும் எழுதியிருக்கவில்லை. நிறையப் படித்து, கடல் கடந்து வந்து, பலகைகளில் அத்தனை அநியாயங்களைத் தன் கையால் எழுதிவிட்டு, அந்தச் சொல்லையும் பத்திரமாகக் கொண்டுவந்திருக்கிறாள்.

வியாழக்கிழமை சித்தீக்கின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

“சேர், அண்டைக்கு நான் அந்த இடத்தில இருக்கேல்லை. போட்டோவுக்கு வந்திட்டன்.”

சித்தீக் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “என்னம்மா சொல்றீஹ?”

“வள்ளிநாயகி நான் இல்லாத நேரம் போயிருக்க வேணும். கமெராவில பாக்கலாம் சேர்.”

அவர் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “இப்ப நான் செக்யூரிட்டிக்கு எழுதணும். அவன் மேல எழுதுவான். மேல உள்ளவன் கேப்பான், கம்பெனி ஆளு இல்லாத பொம்பளையை ஓட விட்டது யாருன்னு. அது நீங்க. கையெழுத்துப் போட்டது நான். ஒரு கோப்பைக்கு இது தேவையாம்மா? கலாஸ். விட்டுருங்க. அந்தம்மா இந்நேரம் மறந்திருக்கும்.”

கோசலா தலையாட்டிவிட்டு வெளியே வந்தாள். வெளியே வந்தபோது மனதுக்குள் ஒரு சின்ன நிம்மதி இருந்தது. சொல்லிவிட்டோம், இனி அவர் பாடு. அந்த நிம்மதியைக் கண்டு அவளுக்கே அருவருப்பு வந்தது. ஆனாலும் அதை வைத்துக்கொண்டு இன்னும் பத்து நாள் ஓட்டினாள்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு சோடி ஓட்டச் சப்பாத்து வாங்கிக்கொண்டு மெட்ரோவில் எதிசலாத் நிலையம்வரை போய், அங்கிருந்து பஸ் பிடித்து சோனாப்பூரில் இறங்கினாள். ஊரின் ஒரு தலையிலிருந்து மறு தலைக்கு வந்ததுபோல் இருந்தது. லீவு நாள் என்பதால் தெருவெல்லாம் ஆண்கள். முடி வெட்டும் கடை, காசு அனுப்பும் கடை, கைபேசிக் கடை என்று வாசலுக்கு வாசல் வரிசை. பெண்கள் தங்கும் கட்டிடத்துக்குள் வெளியாட்களை விடமாட்டார்கள். வாசலுக்கு எதிரேயிருந்த சின்ன உணவகத்தில் உட்கார்ந்து கைபேசியில் அழைத்தாள். வருவாளோ என்ற சந்தேகத்தோடு கால்மணி நேரம் காத்திருந்தாள்.

வள்ளிநாயகி வந்தாள். தலைக்குக் குளித்து ஈரமுடியோடு, வீட்டுச் சட்டையின் மேல் துப்பட்டா போட்டுக்கொண்டு வந்தாள். “என்னங்க மிஸ், இவ்வளவு தூரம்?” என்றாள். குரலில் கோபம் இல்லை, நெருக்கமும் இல்லை.

கோசலா பெட்டியை மேசையில் வைத்தாள். 

“நான் அண்டைக்கு அந்தத் திருப்பத்தில...”

“நீங்க அங்க இல்லீங்க மிஸ்,” என்றாள் வள்ளிநாயகி. “எனக்குத் தெரியும். நான் திரும்புறப்ப நாற்காலி மட்டும் இருந்துச்சு. நாற்காலி மேல உங்க சிவப்புப் பை. அதைப் பாத்துட்டுத்தான் ஓடினேன்.”

கோசலாவுக்குக் காது இரண்டும் சுட்டது.

“அப்ப ஏன் நீங்கள் அங்க சொல்லேல்லை?”

‘நீங்கள்’ என்று சொன்னதை அவளே சொன்ன பிறகுதான் கவனித்தாள். வள்ளிநாயகி கவனித்தாளோ என்னவோ.

“நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன்.” தேநீர்க் கோப்பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். “நீங்க சொல்லல. அப்புறம் நான் சொன்னா யாரு நம்பப் போறா? மிஸ் அங்க இல்லைன்னு கிளீனர் சொல்றாளேன்னுதான் பேசுவாங்க.”

தெருவில் ஒரு கம்பெனி பஸ் நின்று ஆட்களை இறக்கிவிட்டுப் போனது. வள்ளிநாயகி பெட்டியைத் திறந்து சப்பாத்தின் உள்ளே பார்த்தாள்.

“இது முப்பத்தெட்டு. எனக்கு நாப்பது மிஸ். ரூம்ல ஒரு புள்ள இருக்கு, அதுக்குச் சரியா இருக்கும். குடுத்துர்றேன்.”

“நான் மாத்திக்கொண்டு வாறன்.”

“வேணாங்க. எனக்கு வேற ஒண்ணு செய்யுங்க.” கைபேசியை எடுத்தாள். “ஓடி முடிச்ச ஒடனே நிரோஷனிக்குப் படம் அனுப்பிட்டேன், மொதலா வந்தேன்னு. அவளும் ஸ்கூல்ல ஓடுறவ. டீச்சருக்கிட்ட, பக்கத்து லயத்து வீடுகள்ல, எல்லாத்துக்கிட்டயும் சொல்லிட்டா. அப்புறம் ரத்து பண்ணிட்டாங்க, எல்லாரும் சிரிச்சாங்கன்னு சொன்னேன். ஏன் ரத்துன்னு கேக்குறா. எனக்குச் சொல்லத் தெரியல. நீங்க சொல்லுங்க மிஸ். குரல்ல பேசி அனுப்பிருவோம்.”

கோசலா கைபேசியை வாங்கினாள். விரலை அழுத்திப் பிடித்தாள்.

“நிரோஷனி, நான் அம்மா வேலை செய்த ஒஃபிசில இருக்கிற கோசலா மிஸ். அண்டைக்குப் போட்டியில ஒரு சின்னக் குழப்பம் நடந்திட்டுது. ஆனா அம்மா நல்லா ஓடினவ...”

வள்ளிநாயகி கையை நீட்டி அனுப்பாமல் அழித்தாள். “குழப்பம்னா என்ன குழப்பம்னு திரும்பக் கேப்பா.”

மறுபடி தொடங்கினாள். “...அந்தத் திருப்பத்தில நிண்டு பாக்க வேண்டிய ஆள் அம்மாவைக் கவனிக்கேல்லை, அதால...”

“அந்த ஆளு யாருங்க மிஸ்?”

வள்ளிநாயகி அதைக் குத்திக் கேட்கவில்லை. மகள் என்ன கேட்பாளோ அதையே கேட்டாள். கோசலா கைபேசியை மேசையில் வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பக்கத்து மேசையில் பரோட்டா தின்றுகொண்டிருந்த இருவர் இந்தப் பக்கம் பார்த்தார்கள். இருபது பேர் முன்னால் சொல்ல முடியாததை, கண்ணால் காணாத ஒரு பிள்ளையிடம் சொல்வது இன்னும் கஷ்டமாக இருந்தது.

“நிரோஷனி, அந்த இடத்தில நிண்டு பாக்க வேண்டியது நான்தான். நான் நிக்கேல்லை. பெரியவரோட படம் எடுக்கிறதுக்காக வேலையை விட்டிட்டுப் போயிட்டன். அந்த நேரம் அம்மா அந்த வழியால ஓடிப் போயிருக்கிறா. எல்லாரும் கேட்டபோது நான் அங்க இல்லை எண்டு சொல்லாமல், அம்மாவைக் காணேல்லை எண்டு சொல்லிப்போட்டன். அதால அம்மா களவாய் ஓடினவ எண்டு நினைச்சிட்டினம். அம்மாவில ஒரு பிழையும் இல்லை. அம்மாதான் முதலாவது. பிழை என்னில.”

விரலை எடுத்தாள். இந்தத் தடவை வள்ளிநாயகி அழிக்கவில்லை.

பதிலுக்குக் காத்திருந்தார்கள். ஆறிப்போன தேநீரை வள்ளிநாயகி குடித்து முடித்தாள். கைபேசி ஒலித்தது. மெல்லிய, கொஞ்சம் சளி பிடித்த குரல்.

“சரிங்க மிஸ். நன்றி மிஸ்.” பிறகு சற்று இடைவெளி, பின்னால் யாரோ பாத்திரம் போடும் சத்தம். “ஆனா எல்லாரும் அம்மாவப் பாத்துச் சிரிச்சாங்களாமே. அப்ப ஏன் மிஸ் நீங்க சொல்லல?”

வள்ளிநாயகி தெருப் பக்கம் திரும்பிக்கொண்டாள். இதற்கு அவள் உதவப் போவதில்லை.

“பயத்தில, பிள்ளை,” என்றாள் கோசலா. அது பாதிதான். மற்றப் பாதியை ஒரு பதினான்கு வயதுப் பிள்ளையிடம் எந்தச் சொல்லால் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. சொன்ன பாதியை மட்டும் அனுப்பினாள்.

எழும்பும்போது வள்ளிநாயகி தேநீருக்குத் தானே காசு கொடுத்தாள். கோசலா எவ்வளவோ மறித்தும் கேட்கவில்லை. சப்பாத்துப் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, “பஸ் அந்தப் பக்கம் மிஸ்,” என்று கையைக் காட்டிவிட்டு வாசலுக்குள் போய்விட்டாள்.

மறுநாள் காலை கோசலா அலுவலகத்தில் எல்லோருக்கும் போகும்படி ஒரு மின்னஞ்சல் எழுதினாள். ஆறு வரி. தான் இடத்தில் இல்லாதது, படம் எடுக்கப் போனது, ஒன்பதாம் இலக்கம் எப்போது தாண்டியது என்று தனக்குத் தெரியாது என்பது, கமெராப் பதிவைப் பார்க்க வேண்டும் என்ற கோரிக்கை. சித்தீக்கின் பெயரை இழுக்கவில்லை. அனுப்பும் பொத்தானை அழுத்திவிட்டுக் கழிப்பறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றாள்.

பாதுகாப்புப் பிரிவின் பதில் பத்து மணிக்கு வந்தது. பதிவுகள் பதினான்கு நாள்தான் இருக்குமாம். இன்று பதினாறாம் நாள். சித்தீக்கிடம் தலையாட்டிவிட்டு வந்த அந்த வியாழக்கிழமை பதிவு இருந்தது. அடுத்த வியாழக்கிழமையும் இருந்தது.

சித்தீக் அவளைக் கூப்பிட்டு எச்சரிக்கைக் கடிதத்தில் கையெழுத்து வாங்கினார். “நான் சொன்னேன்ல,” என்றதற்கு மேல் பேசவில்லை. அதன்பிறகு அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதையும் குறைத்துக்கொண்டார். ரீமா வந்து கோப்பையை அவள் மேசையில் வைத்து, இது என்னுடையதல்ல என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். மாலையில் விழாக்குழு கூடியது. போதிய ஆதாரம் இல்லாததால் பெண்கள் ஓட்டம் நடக்காததாகவே கருதப்படும், வெற்றியாளர் எவருமில்லை என்று முடிவெடுத்தார்கள். கோப்பையைக் குழுவினர் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். சப்ளை கம்பெனி வள்ளிநாயகியைப் பழைய இடத்துக்கு அனுப்பவில்லை. அதற்குக் காரணமும் சொல்லவில்லை.

சொல்லிவிட்டால் பாரம் இறங்கும் என்று கோசலா நினைத்திருந்தாள். இறங்கவில்லை. முன்பு அவளுக்கு மட்டும் தெரிந்திருந்தது. இப்போது மின்தூக்கியில் ஏறினால் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆறு மணிக்குப் பஸ் தரிப்பிடத்தில் நின்றுகொண்டு வள்ளிநாயகியை அழைத்தாள். நடந்ததையெல்லாம் சொன்னாள். கமெரா, கடிதம், குழுவின் முடிவு. மறுபக்கத்தில் வாளிகள் இழுபடும் சத்தமும் பெண்கள் பலர் ஒரே நேரத்தில் பேசும் சத்தமும் கேட்டன.

“அப்ப யாருமே ஓடலைன்னு எழுதிட்டாங்களா?” என்றாள் வள்ளிநாயகி.

“ஓம்.”

“சரிங்க மிஸ். நிரோஷனிக்கு நீங்க சொன்னது போதும்.” பிறகு யாருக்கோ, அந்த வாளியை வை, நான் வர்றேன் என்று கத்தினாள். “இங்க மத்தியானத்துலருந்து தண்ணி வரலைங்க. நாப்பது ரூமு. லாரி இப்பத்தான் வந்திருக்கு. வச்சிர்றேன்.”

கோசலா இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் இணைப்பு துண்டிக்கப்பட்டிருந்தது.